விபுலாநந்த அடிகள் வாழ்வும் அறியாப் பழக்கமும்

இருளானது தன்னகத்துப் பட்ட பொருள்களை மறைக்கும். எனினும் இருள் உளதென்பது கண்ணுடையார்க்குப் புலனாகும். ஆணவமோ பொருளின் உண்மையையும் மறைத்துத் தான் உளதாதலையும் மறைக்கும். உமாபதி சிவாசாரிய சுவாமிகள் திருவருட்பயனிலே உணர்த்தியருளிய இந்நுட்பத்தைச் சைவ வித்தியாசாலைகளில் ஆசிரியத் தொழில் பூண்டோர் அனைவரும் அறிவர், மாணாக்கர்க்கும் எடுத்துரைப்பர். ஆயினும், நம்மைப் பற்றியிருந்தும் நமக்குத் தோன்றாத இவ்விருள் நாளாந்த வாழ்க்கையிலே எவ்வெவ் வடிவிற் கிடந்து தொழிற்படுகின்றது என உற்றுநோக்குவார் சிலரே.

ஒருவன் பொய் சொன்னால் தான் பொய் சொன்னதை அவன் அறிவான். சினந்தால், சினந் தணிந்த பின்னராயினும் அதனை உணர்வான். ஆனால், குழவிப் பருவந்தொட்டு வீட்டிலும் அயலிலும் பள்ளியிலும் கேட்டுக் கேட்டு ஊறிப்போன ஓர் எண்ணத்தை அவன் எண்ணமென்றே அறியான். அஃது உலகத்தின் இயல்பென்றே அவனுக்குத் தோன்றும். யாரோடு இருந்து உண்ணலாம், யாரை வாயிலோடு நிறுத்தலாம், எந்தப் பாஷை அறிவுக்கு உரியது, எந்தப் பாட்டு இலக்கியமாகும், எந்தக் கலை செத்தொழிந்தது என்னும் இவைபற்றியெல்லாம் ஒவ்வொருவரும் தீர்மானங்கள் வைத்திருக்கின்றோம். எந்நாளில், எந்நியாயங் கொண்டு அவற்றைத் தீர்மானித்தோம் என்று வினவினால் விடை கூறல் அரிது. முன்னோர் இதனை வாசனை என்றனர். பூவைத் தொடுத்த நார் பூவின் மணத்தைப் பெறுதல்போல, ஆன்மாவும் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும்.

இவ்வாசனைகளை ஒவ்வொன்றாகக் கண்டு, வெளிச்சத்திலே எடுத்து வைத்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளி வளர்ந்த பெரியார் ஒருவர் நம் மட்டக்களப்பு நாட்டிலே தோன்றினார். அவரே ஸ்ரீமத் விபுலாநந்த அடிகள். முத்தமிழ் வித்தகர் என்றும், பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றும், யாழ்நூல் ஆசிரியர் என்றும் நம் பிள்ளைகள் அவரைப் படிக்கின்றனர். பட்டங்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்தல் பரீட்சைக்குப் பயன்படும். அவர் தம்மைத் தாமே திருத்தித் திருத்தி வளர்ந்த வகையோ ஆசிரியர்க்குப் பயன்படும். அதனைக் கருதியே அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம். அவர் உள்ளத்து நிகழ்ச்சிகளை யாம் புனைந்துரைக்கப் புகவில்லை; அவர் செய்த செயல்களை நிரல்பட வைத்து, அவற்றினின்றும் பெறப்படுவதையே கூறுகின்றோம்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்தினின்றுந் தெற்கே கல்முனைப் பக்கம் வரையில் நீண்டு கிடப்பது. அதன் தென்முனைக்கு அப்பால், கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்த பழம்பதி காரைதீவு. அவ்வூரிலே 1892ஆம் ஆண்டில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் புதல்வராக அடிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகை அம்மன் கோயிலாற் பேர்பெற்ற ஊர். இந்நாட்டுக் கண்ணகை கோயில்களிலே வைகாசித் திங்களிற் சடங்கு நடைபெறும், கண்ணகி வழக்குரை பாடப்பெறும், குளிர்த்தி நிகழும். அந்நாட்களிற் சிலம்பின் கதை ஏட்டிலன்றி ஊரார் நாவிலும் செவியிலும் வாழும். நூல் கற்ற சைவருட் சிலர் இவ்வழிபாட்டைப் பாமரர் வழக்கென்று தாழ்வாக நோக்கிய காலமும் உண்டு. இவ்வூரிற் பிறந்த பிள்ளை பின்னாளிலே சிலப்பதிகாரத்தினின்றே தம் வாழ்நாட் பெரும்பணிக்கு வித்தெடுத்தார் என்பதை வாசகர் இங்கேயே மனத்திற் கொள்க. அவர் பிறந்த அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு சென்னையில் அச்சிட்டு வெளிப்படுத்தினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மயில்வாகனனார் காரைதீவிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்து, வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும் பயின்றார். பின்னர்க் கல்முனையிலே மெதடிஸ்த சங்கத்தாரது ஆங்கிலப் பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்பிலே கத்தோலிக்க குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். தம் பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

மிசனார் நிறுவிய பாடசாலையிற் கற்ற எம்போல்வார் அப்பாடசாலைகள் செய்த நன்மையை மறத்தல் கூடாது. நேரந் தவறாமை, எழுத்துத் தூய்மை, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் முறையாகப் பயிலுதல் என்னும் இவையெல்லாம் அங்கே பெற்ற செல்வங்கள். ஆயின் அடிகள் கற்ற காலத்து ஆங்கிலக் கல்வியிலே, பாடம் என்று பெயரிட்டு ஒருவரும் கற்பியாத பாடம் ஒன்றும் உடன் நடந்தது. பரீட்சையின் வினாத்தாள் இங்கிலாந்தினின்றும் வந்தது. விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. தான் கற்றது கல்விதானா என்று தீர்மானிக்கும் இடம் கடலுக்கு அப்பால் உள்ளதென்பதை ஒவ்வொரு பிள்ளையும் அதனால் அறிந்துகொண்டான். உன் தாய்மொழி அறிவுக்கு ஆகாது என்று ஆசிரியர் வாய்திறந்து சொல்லவேண்டுவதில்லை. ஏற்பாடே அதனைச் சொல்லிற்று. சொல்லாமற் சொல்லப்பட்ட ஒன்றை மறுப்பதற்கும் வழியில்லை. இவ்வாறுதான் வாசனை ஏறுகின்றது.

மயில்வாகனனாரை இவ்வாசனை முழுதும் விழுங்காமைக்குக் காரணம் அவர் ஈரிடத்தும் கால் ஊன்றி நின்றமையே என்பது எம் கருத்து. 1911ஆம் ஆண்டிலே ஆசிரியப் பயிற்சியின் பொருட்டுக் கொழும்பு சென்றவர், அங்கே தமிழறிஞரை அடுத்துச் சங்கநூல்களையும் பாடங்கேட்டார். 1916ஆம் ஆண்டிலே கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தேர்ச்சிப் பத்திரம் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்கத்தார் நடத்திய பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையர் ஒருவர் அச்சங்கத்துப் பண்டிதராயது அதுவே முதன்முறை. 1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

பகலிலே இரசாயனமும் பௌதிகமும், இரவிலே இலக்கணமும் சங்கச் செய்யுளும் என்று இரண்டு உலகங்களில் ஒருவர் ஒருங்கே வாழ்ந்தால் என்ன நிகழும்? ஓருலகத்திலே கேள்வியின்றி ஏற்கப்படுவது மற்றையுலகத்திலே கேள்விக்கு உரியதாகும். பண்டிதர் முன்னோர் சொல்லைப் பிரமாணமாகக் கொள்வர். விஞ்ஞான சாலையில் அளந்து பார்த்தே கொள்வர். விஞ்ஞான சாலையார் தமிழில் இவற்றையெல்லாஞ் சொல்லுதல் இயலாதென்பர். பண்டிதர் அறியும் சொல்வளமோ அக்கூற்றைப் பொய்ப்படுத்தும். ஒன்று மற்றொன்றுக்குக் கண்ணாடியாயிற்று. தன் முகத்தைத் தான் காணக் கண்ணுக்கு ஆற்றலில்லை; கண்ணாடி வேண்டும். தன் பழக்கத்தைத் தான் காணவும் வேறொரு பழக்கத்தின் அயலிலே சிலகாலம் நிற்றல் வேண்டும்.

முப்பது வயதிற் கல்லூரி அதிபர் பதவியும், இலண்டன் பட்டமும், பண்டிதப் பட்டமும் ஒருங்குடையார் அக்காலத்து ஈழநாட்டிலே மிகச் சிலர். அந்நிலையிலே மேலும் உயர்தலே உலக வழக்கு. மயில்வாகனனாரோ 1922ஆம் ஆண்டிலே பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். அங்கே பிரமசாரி நிலையிற் பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பெற்றார். பிரபோதம் என்பது நன்கு விழித்தல். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆயினார். மடத்திலிருந்த காலத்து இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ப் பத்திரிகைக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கும் ஆசிரியராய் இருந்து எழுதினார்.

துறவு என்பது வீட்டை விடுதல் மாத்திரமன்று. இன்ன குடியிற் பிறந்தேன், இன்ன பட்டம் பெற்றேன், என் பெயர் இன்னது என்று ஒருவன் தன்னைப் பற்றி ஆராயாது வைத்திருக்கும் கணக்கு முழுவதையும் ஒருமுறை திறந்து பார்க்கும் நிலை அது. அடிகளார் அவ்வாறு பார்த்தாரென்பதற்குச் சான்று அவர் துறவின்பின் எந்தத் தொழிலை மேற்கொண்டார் என்பதே. 1925ஆம் ஆண்டிலே ஈழம் மீண்டவர், இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அவர் கை படாத சைவக் கல்விப்பணி அருகியே இருந்தது. 1929ஆம் ஆண்டிலே, ஒருபுறம் வாவியும் ஒருபுறம் கடலும் சூழ்ந்த கல்லடி உப்போடையிலே தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

அக்காலத்து நிலையைச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமாசனத்தில் இருத்தல் வேண்டுமென்று அரசினர் பணித்தபோது, யாழ்ப்பாணப் பகுதியிலே கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையும் ஆயின. எதிர்த்தோர் எல்லாரும் கொடியவரல்லர். அவருட் கோயிலுக்குப் பொருள் கொடுத்தவரும், தேவாரம் ஓதியவரும், அயலார் துன்பங் கண்டு இரங்கியவரும் இருந்தனர். பிள்ளை ஒன்று வாங்கிலில் இருப்பதா தரையில் இருப்பதா என்ற கேள்வி வந்தபொழுது மாத்திரம் அவர்தம் இரக்கம் வேலைசெய்யவில்லை. தரையில் இருத்துதலை அவர் ஒரு செயலாகவே கருதவில்லை; வழமை என்று கருதினர். வாசனையின் வன்மை இதுவே. நல்லவன் கையாலேயே தீங்கைச் செய்விக்கும். செய்ததை அவனுக்குக் காட்டாது.

அடிகளார் தம் பாடசாலைகளின் வாயிலைச் சாதிநோக்காது திறந்து வைத்தார். இதனினும் மேலான செயலொன்று சிதம்பரத்தின் அயலிலே நிகழ்ந்தது. 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் அழைக்கப்பட்டு, 1933 வரை அங்கே பணிபுரிந்தார். பல்கலைக்கழகத்தின் அருகேயுள்ளது திருவேட்களம். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் தில்லையைத் தரிசிக்க வந்த காலத்துத் தங்கியருளிய தலம் அது, பதிகமும் பெற்றது. அத்தலத்தை அடுத்திருந்த ஆதிதிராவிடர் சேரிக்கு அடிகளார் மாலைவேளைகளிற் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். பகலிலே பல்கலைக்கழக மாணாக்கர்க்குச் சங்க இலக்கியம். மாலையிலே சேரிப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி.

இச்செயலைத் தாழ்ந்தாரிடத்துக் காட்டிய கருணை என்று மாத்திரம் கொள்ளுதல் அதன் பாதியையே காண்பதாகும். சாதி வேற்றுமை பொய் என்று மேடையிற் கூறுதல் எளிது. கூறியவனும் தான் அவ்வேற்றுமையைக் கடந்துவிட்டதாக நம்பிக்கொள்வான். வாய் கடந்தாலும் கால் கடந்ததா, மனம் கூசாது நின்றதா என்பதை அறிய ஒரே வழி, நாள்தோறும் அங்கே நடந்து செல்லுதலே. சேரியின் மண்ணில் நிற்கும்போதுதான் தன்னுள் ஒளிந்திருப்பது வெளியே தலைகாட்டும். தலைகாட்டியபின் அல்லவா அதனைக் களைதல் கூடும்? ஆராயாது வந்த பழக்கம் ஆராய்ச்சியால் மாத்திரம் போகாது. அதற்கு எதிரான பழக்கம் ஒன்றை நாள்தோறும் செய்து வருதலாற் போகும் என்பதை அடிகளார் சொல்லாமற் செய்து காட்டினார்.

அண்ணாமலை நகரிலிருந்த காலத்திலேயே மற்றொரு வாசனையும் சோதனைக்கு வந்தது. அது பண்டிதர்க்கு உரிய வாசனை. சுப்பிரமணிய பாரதியார் 1921இலே மறைந்தார். பண்டிதருலகத்திலே அக்காலம் அவரைப் புலவரென ஏற்கத் தயங்குவார் பலர். எளிய சொல், நாட்டுப்புற மெட்டு, நாட்டு விடுதலைப் பொருள் என்னும் இவை இலக்கியமாவதற்குத் தகாதன என்பது அவர் எண்ணம். பழமை உடையதே இலக்கியம் என்னும் முடிவை அவர் ஆராய்ந்து கொண்டாரல்லர். கற்ற நூல்களெல்லாம் பழையனவாய் இருந்தமையால் தாமாகவே கொண்டனர். மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதராகிய விபுலாநந்த அடிகளோ பாரதியார் பாடல்களின் அருமையை உணர்ந்து மாணாக்கரிடையே பரப்பினார். சங்கப் பாடலை அவர் இதனாற் கைவிட்டாரல்லர். பழையதைக் கற்ற கண்கொண்டே புதியதன் அழகையும் கண்டார்.

ஆங்கிலத்தின்பாலும் அவர் நிலை இத்தகையதே. ஆங்கிலக் கல்வி ஏற்றிய தாழ்வுமனத்தை உணர்ந்தவர் பலர், உணர்ந்தவுடன் ஆங்கிலத்தையே வெறுத்து மறுகோடிக்குச் சென்றதுண்டு. அதுவும் ஆராயாமையின் மற்றொரு வடிவமே. அடிகளார் செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ்க் கண்ணோடும் வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தோடும் நோக்கி மதங்கசூளாமணி என்னும் நூலை 1926இல் வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞரின் நலத்தைத் தமிழர்க்கு அறிவிக்க ஆங்கிலவாணி என்னும் கட்டுரையும் வரைந்தார். விஞ்ஞானம் தமிழில் இயலாதென்னும் கொள்கைக்கும் செயலாலே விடை கொடுத்தார். 1936ஆம் ஆண்டு சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, இரசாயனம் முதலிய கலைகளுக்குத் தமிழ்ச்சொல் அமைக்கும் பணியை நெறிப்படுத்தினார். இன்று இரசாயனத்தையும் பௌதிகத்தையும் தமிழிலே கற்பிக்கும் ஆசிரியர், அப்பணி ஒருகாலத்திற் கூடாதென்று எண்ணப்பட்டதை மறந்தே கற்பிக்கின்றனர். அம்மறதியே அப்பணியின் வெற்றி.

இனி யாழ்நூலைக் குறித்துச் சில சொல்லுவாம். யாழ் என்னும் சொல்லைச் சைவர் அறியாதாரல்லர். திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சரித்திரத்தைப் பெரியபுராணத்தில் ஓதுகின்றோம். யாழ்ப்பாணம் என்று ஊர்ப்பெயரிலும் யாழ் வைத்திருக்கின்றோம். யாழை மாத்திரம் காணோம். வீணைக்குப் பழம்பெயர் யாழ் என்று பலர் எளிதாகச் சொல்லி அமைந்தனர். வேறு சிலர், அது மறைந்தொழிந்த கருவி. அதனை ஆராய்தலாற் பயனில்லை என்றனர். இவ்விரண்டும் ஆராய்ந்து கண்ட முடிபுகளல்ல. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு வழிவழி வந்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தின் பின்னரே தமிழிசையின் பழமையைக் கணக்கோடு ஆராயும் ஊக்கம் அறிஞரிடையே பெருகிற்று.

அடிகளார் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கையில் எடுத்தார். உரையாசிரியர் வாக்கைப் போற்றினார். போற்றியதோடு அளந்தும் பார்த்தார். அவர் விஞ்ஞான ஆசிரியரல்லரோ? பருமையும் இழுவையும் மாறாதிருக்க, நரம்பொன்றின் நீளத்தைச் சரிபாதியாக்கினால் முதற்சுரமே ஒருபடி மேலெழுந்து ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு ஐந்தாம் நரம்பாகிய இளி பிறக்கும். அவ்விளியைக் குரலாக வைத்து அதற்கு இளி, மீண்டும் அதற்கு இளி என்று செல்லின் ஏழு நரம்புகளும் முறையே தோன்றும். பௌதிக நூலிலே பள்ளிப் பிள்ளைகள் கற்கும் இக்கணக்கும், பழந்தமிழ் நூலார் பாலைத்திரிபு என்று சொன்ன முறையும் ஒன்றையொன்று விளக்குதலை அவர் எடுத்துக்காட்டினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் உறுப்பையும் நரம்பையும் வகுத்துரைத்தார். வீணைபோல மெட்டுக்களின்மேல் நரம்பை அழுத்தாது, ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒலியை எழுப்ப நின்ற கருவி யாழ் என்பது தெளிவாயிற்று. தேவாரப் பண்களின் ஆராய்ச்சிக்கு யாழ்நூலிலே தேவாரவியல் என ஓர் இயலே அமைத்தார்.

இவ்வாராய்ச்சி ஓரிடத்தில் அமர்ந்து செய்ததன்று. 1937இலே திருக்கைலாய யாத்திரை சென்றார். 1939 முதல் 1941 வரை இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலப் பத்திரிகையை நடத்தினார். 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். எங்கிருந்தாலும் கணக்கு விடாது நடந்தது. பின்வந்த இசையறிஞருட் சிலர் அவர் முடிபுகள் சிலவற்றில் வேறுபட்டனர். அதனால் அவர் புகழுக்குக் குறைவில்லை. ஆராய்ந்து கூறியதை ஆராய்ந்து மறுக்கலாம், ஆராயாது கூறியதை மறுப்பதற்கும் பிடியில்லை.

இந்நாட்டு வாவியைப் பற்றியும் அடிகளார் பாடியுள்ளார். நிலவெறிக்கும் இரவிலே கல்லடிப் பக்கத்தில் நீரினின்றும் இன்னிசை எழுமென்பது மட்டக்களப்பார் நெடுங்காலமாக அறிந்தது, மீன் பாடுகின்றதென்பர். அடிகளார் அதனை நீரரமகளிரின் இசையாகக் கற்பித்துச் செய்யுள் செய்தார். அவ்வொலியைக் கேட்கும் முறையைத் தோணிக்காரர் அறிவர். துடுப்பு வலித்துக்கொண்டிருக்கும் வரையில் ஒன்றுங் கேளாது. தோணியை நிறுத்தி, நீர் அடங்கியபின், துடுப்பின் ஒருமுனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்தால் கேட்கும். நம்முள் ஓடிக்கொண்டிருக்கும் பழக்கத்தின் ஒலியும் அத்தகையதே. ஓயாது தொழில் செய்துகொண்டிருப்பவன் அதனைக் கேட்பதில்லை. சிறிது நின்று செவிகொடுப்பவன் கேட்கின்றான்.

யாழ்நூல் 1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களிலே, சோழநாட்டுப் பாடல்பெற்ற தலமாகிய திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தாரின் ஆதரவோடு அரங்கேறிற்று. அடிகளார் அப்பொழுது உடல் நலிந்திருந்தார். அரங்கேற்றம் நிறைந்து ஏழு வாரங்களுக்குள், சூலை 19ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய எல்லையிலே சமாதி வைக்கப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எது என்று புறத்து மலர்களை வினவிச் சென்று, உள்ளமாகிய தாமரையே அம்மலர் என விடைகண்ட அவர் பாடலை நம் பிள்ளைகள் இன்றும் பாடுகின்றனர். அவர் பெயரால் இசையும் நடனமும் கற்பிக்கும் நிறுவகமும் கல்லடியிலே நடைபெறுகின்றது.

இச்சரித்திரத்தால் ஆசிரியராகிய நாம் கொள்ளவேண்டியது யாது? அடிகளார் போலத் துறவு பூணுதலும், யாழ்நூல் இயற்றுதலும் எல்லார்க்கும் கூடுவன அல்ல. தம்முள் ஆராயாது கிடந்ததைக் காண அவர் கைக்கொண்ட வழி எல்லார்க்கும் கூடும். முதலாவது, தமக்குப் பழகாத ஓரிடத்திலே நின்று தம்மை நோக்கினார். இரண்டாவது, கண்டதைச் சொல்லோடு விடாது நாள்தோறும் செய்யும் செயலாக்கினார். மூன்றாவது, ஒரு கோடியினின்றும் மறுகோடிக்குத் தாவாது, பழையதிலும் புதியதிலும் நல்லதை அளந்து எடுத்தார். ஊர்க் கண்ணகை வழக்குரையைக் கேட்டு வளர்ந்த பழக்கம் அவருக்குத் தடையாகவில்லை, செல்வமாயிற்று. ஆகவே வாசனையெல்லாம் தீயவை என்பதும் ஆராயாத முடிபே. எவ்வாசனை தன்னை வளர்க்கும், எவ்வாசனை பிறனைத் தாழ்த்தும் என்று பிரித்தறிதலே வேண்டப்படுவது.

வகுப்பறையினுள்ளே நாளைக் காலையிற் புகும்பொழுது சிலவற்றை நோக்குக. வினா எழுப்பியதும் நம் கண் முதலிற் செல்வது எப்பிள்ளையிடம்? ஓராண்டு முழுவதிலும் நாம் ஒருமுறையேனும் பெயர்சொல்லி அழையாத பிள்ளை யார்? அவன் எத்தெருவினின்று வருகின்றான்? பிழைசெய்த இருவருள் ஒருவனுக்கு அறிவுரையும் மற்றவனுக்குப் பிரம்பும் கிடைத்ததுண்டா? சமயபாடத்திற்கு நேரசூசியிலே நாம் ஒதுக்கிய வேளை எது? பெண்பிள்ளைகளிடம் எதனை எதிர்பாராது விட்டோம்? இவற்றுக்கு விடையைப் பிறர் கேட்கச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு கொப்பியிலே ஒருமாத காலம் குறித்துவரின் போதும். நாம் அறியாது செய்வதைப் பிள்ளைகள் அறிந்துகொண்டிருக்கின்றனர். நாம் வாயாற் கற்பிக்கும் சிவபுராணத்தினும் ஆழமாக அவர் நெஞ்சிற் பதிவது, நாம் அறியாது கற்பிக்கும் அப்பாடமே. அது நல்லதாயின் ஒரு தலைமுறை நலம்பெறும். தீயதாயின், தீக்கிரையான பாடசாலைகளை நினைத்துக்கொள்க.

ஆணவ இருள் தானே தன்னைக் காட்டாது. திருவருள் ஒளியாலே காட்டப்படும் என்பது நம் சமய முடிபு. அவ்வொளி சிலவேளை குருவின் வடிவிலும், சிலவேளை நூலின் வடிவிலும், சிலவேளை பின்வாங்கிலில் வாய்திறவாது இருக்கும் ஒரு பிள்ளையின் வடிவிலும் வரும். வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளாதிருத்தல் நம் கடன். அக்கடனை இவ்வாவிக் கரையிலே நிறைவேற்றி வாழ்ந்த விபுலாநந்த அடிகளாரின் நினைவு நமக்குத் துணையாகுக. எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பெருகுக.